ஓட்டியில்லா விமானமும் உறங்காத விமானியும்

இராமேசுவரம் செல்வோர்க்குக் கதை சொல்ல ஆள் பஞ்சமில்லை. கடலோரத்தில் நிறுத்திக் கைநீட்டிக் காட்டி, "இலங்கையிலிருந்து புட்பக விமானம் இந்த வழியாகத்தான் பறந்து சென்றது" என்பர். படையும் பரிவாரமும் ஏறிய பின்னும் இடம் குறையாத விமானமாம்! கேட்போர் மெய்சிலிர்ப்பர், காசும் கொடுப்பர்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். அந்த விமானத்தை ஓட்டியவன் யார்?

கதையைப் புரட்டிப் பாருங்கள். செய்தவன் பெயர் உண்டு, அவன் விசுவகர்மா. உடையவர்கள் பெயர் உண்டு. குபேரன், அடுத்து இராவணன், பிறகு இராமன். ஏறியவர் பெயர் உண்டு. இறங்கிய ஊரின் பெயரும் உண்டு. ஓட்டியவன் பெயர்தான் இல்லை. உடையவன் நினைத்தால் போதும்; நினைத்த திசையில் அது பறக்குமாம். ஓட்டி இல்லை; ஆகவே ஊதியம் இல்லை, ஓய்வு இல்லை, விடுப்பு இல்லை, சங்கமும் இல்லை! வண்டி வைத்திருப்பவன் காணும் கனவு எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த முதலாளியாலும் எழுதிக் காட்டியிருக்க முடியாது.

கதையோடு மல்லுக்கு நிற்பது இன்று நம் நோக்கமன்று. கதையில் விடுபட்டுப்போன அந்த ஓர் ஆளைத் தேடிச் செல்வதே நோக்கம். நூறு நூறு உயிர்களைத் தன் இரு கைகளில் தாங்கி ஓட்டுகிறானே, அவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? கூலி கொடுக்கும் நிர்வாகத்துக்கா? நம்பி ஏறிய மக்களுக்கா? இரண்டும் மோதும் நாளில் அவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? நிற்பதற்கு அவனுக்கு வலிமை எங்கிருந்து வரும்? இதுவே நம் ஆராய்ச்சி.

பாம்பன் சொல்லும் பாடம்

இராமேசுவரத்தில் விமான நிலையம் இல்லை. விமானத்தில் வருவோர் மதுரையில் இறங்கி, அங்கிருந்து தரைவழியே தீவை அடைவர். ஆகவே நாமும் வானத்துக்கு ஏறுமுன் தரையிலே, இல்லை, தண்ணீரின் மேலே சற்று நிற்போம்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடலின் மேல் இரயில் பாலம் திறக்கப்பட்ட நாள். 2 கிலோ மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். கப்பல் போனபின் கீழிறங்கும். எழுப்பியது மந்திரமன்று, நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிய தொழிலாளர் கைகள். சென்னையில் இரயிலேறியவன் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர வழி பிறந்தது. 'போட் மெயில்' என்ற பெயர் தமிழகமெங்கும் பரவியது.

அந்தப் பாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோ மீட்டரைத் தாண்டினால் கைகாட்டி சிவப்பைக் காட்டும். இரயில் நின்றே ஆக வேண்டும். வண்டிக்குள் அமைச்சர் இருக்கட்டும், மடாதிபதி இருக்கட்டும், நல்ல நேரம் தப்பிப் போகிறதே என்று பதறும் பக்தர்கள் இருக்கட்டும், வண்டி நகராது. ஓட்டுநரை "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்க எந்த மேலதிகாரிக்கும் வாய் கிடையாது. நிற்பது அவனது பிடிவாதம் அன்று, விதி.

இந்தச் சிறு ஏற்பாட்டில் பெரிய உண்மை ஒன்று அடங்கிக் கிடக்கிறது. ஓட்டுகிறவன் "முடியாது" என்று சொல்லும் உரிமைதான் பயணம் செய்கிறவனுக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு. அந்த உரிமை அவனது துணிச்சலைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

ஓட்டுநரின் உயிரும் பயணியின் உயிரும் ஒன்று என்பதை இதே தீவு கொடுமையான முறையில் கற்பித்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653-ஆம் எண் பயணி வண்டியைப் புயலலை விழுங்கியது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். வண்டியின் முன்னே நின்று அலையை முதலில் எதிர்கொண்டவன் ஓட்டுநர். பிழைத்து வந்து சாட்சி சொல்ல அவனும் இல்லை. அலுவலகத்தில் அமர்ந்து ஆணையிடுகிறவனுக்கும் என்ஜினில் நிற்கிறவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆணை தவறினால் ஒருவன் விளக்கம் எழுதுகிறான். மற்றவன் உயிரை இழக்கிறான்.

சிதைந்த பாலத்தை 46 நாளில் சீர்செய்து முடித்தனர். பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் ஸ்ரீதரனின் பெயர் நாடறியும். பாராட்டுக்குரியவர்தான். கடலில் இறங்கித் தூண் நிறுத்திய கைகளின் பெயரோ ஏட்டில் ஏறவில்லை. புட்பகத்தின் வழக்கம் இன்னும் போகவில்லை!

'விசுவாசம்' என்னும் விலங்கு

இந்தப் பாதையைத் தொடக்கத்தில் நடத்தியது இலண்டனில் பதிவு பெற்ற தென்னிந்திய இரயில்வே கம்பெனி. 1928-இல் அந்தக் கம்பெனி தன் தொழிலாளரை நோக்கி ஓர் அறிவிப்பு விடுத்தது. நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலைப் பணிமனைகளில் ஆட்குறைப்பு; வேலை போகிறவர் ஏறத்தாழ 3,000 பேர். எஞ்சியிருப்போரும் தொழில் தேர்வு எழுதித் தேறவேண்டுமாம். பத்தாண்டு இருபதாண்டு இரும்பை உருக்கி, இயந்திரத்தைப் பூட்டி, வண்டியை ஓட வைத்தவனைப் பார்த்து, "உனக்குத் தொழில் தெரியுமா?" என்று கேட்டது கம்பெனி.

தொழிலாளர் கொதித்தெழுந்தனர். கம்பெனி கதவடைத்தது. ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் முதல் தென்னகம் முழுதும் வேலை நிறுத்தம் பரவியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றனர். பெரியார் ஆதரவு தந்தார். அடக்குமுறை பாய்ந்தது, பத்து நாளில் போராட்டம் முறிந்தது. முதுமை எய்தியிருந்த சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அவர்கள் செய்த குற்றம் என்ன? கம்பெனிக்கு 'விசுவாசமாக' இல்லாமற் போனதுதான்!

வெள்ளைக் கம்பெனி போயிற்று. நம்மவர் ஆட்சி வந்தது. இரயில் நாட்டுடைமை ஆயிற்று. அந்தச் சொல் போயிற்றா? இல்லை. 1973-இல் இரயில் ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது மாளிகையன்று. வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு. புறப்பட்ட வண்டி எப்போது போய்ச் சேருமோ அதுவரை வேலை என்றிருந்த நிலையை எதிர்த்து நின்று, ஒரு பயணத்துக்கு 10 மணி நேரம் என்ற வாக்குறுதியைப் பெற்றனர். மறு ஆண்டு மே 8 முதல் 27 வரை, ஏறத்தாழ 17 இலட்சம் இரயில்வே தொழிலாளர் பங்கேற்ற மாபெரும் வேலை நிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், தொடங்கும் முன்பே கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர், வேலை இழந்தனர், குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டனர். வேலை நிறுத்தத்தில் சேராதவர்க்கு என்ன கிடைத்தது தெரியுமா? 'விசுவாசத் தொழிலாளர்' என்ற பட்டம், கூடுதல் ஊதிய உயர்வு, பிள்ளைக்கு வேலை!

இங்கேதான் அந்தச் சொல்லின் உண்மைப் பொருள் வெளிப்படுகிறது. வண்டியைச் செம்மையாக ஓட்டியவனுக்கு அந்தப் பட்டம் இல்லை. விபத்தைத் தடுத்தவனுக்கு இல்லை. களைத்தபோது களைப்பை மறைக்காமல் சொன்னவனுக்கு இல்லை. தோழன் தெருவில் நின்றபோது தான் மட்டும் உள்ளே போனவனுக்கே அந்தப் பட்டம். விசுவாசம் என்று நிர்வாகம் சொல்லும்போது, பிரிந்து நில் என்றே பொருள் கொள்ள வேண்டும்.

வானத்தில் ஏறியும் வழக்கு அதே

"இரயில் ஓட்டுநரின் நிலை புரிகிறது. விமானிக்கு என்ன குறை? இலட்சக்கணக்கில் ஊதியம், பளபளக்கும் உடை, தங்க நட்சத்திர விடுதி! அவனும் தொழிலாளியா?" என்று நண்பர்கள் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பல ஆண்டுகள் விமானிகள் தங்களைத் தாங்களே இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தனர்.

விமானியின் கையில் வலிமை இருப்பது உண்மையே. அவனை உருவாக்க ஆண்டுகள் ஆகும். ஒருவகை விமானம் ஓட்டக் கற்றவன் தனிப்பயிற்சி பெறாமல் வேறுவகையை ஓட்ட முடியாது. ஆகவே ஒருவன் போனால் நாளையே மற்றொருவனைப் பிடித்து உட்கார வைக்க இயலாது. விற்காத துணி நாளை விலைபோகும். பறக்காத விமானத்தின் காலி இருக்கை எந்நாளும் விலைபோகாது. ஒரு நாள் நின்றாலும் நிர்வாகத்துக்கு அது மீளா இழப்பு.

அந்த வலிமையைக் கட்டிப்போடும் கயிறுகளையும் நாம் பார்க்க வேண்டும். முதற் கயிறு கடன். பயிற்சிக்கு இலட்சம் இலட்சமாகச் செலவாகிறது; குடும்பம் நிலத்தை விற்கிறது, வங்கியில் கடன் படுகிறது. வேலை கொடுக்கும் நிறுவனமோ, இத்தனை ஆண்டு எங்களிடமே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குகிறது. இராமநாதபுரக் கரையில் வாழ்வோர்க்கு இந்தத் தந்திரம் புதிதன்று. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவன், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். சுறாவோடு போராடுகிறவன் கணக்கு நோட்டுக்கு அஞ்சுகிறான். வானத்தில் பறப்பவனுக்கும் தரையில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது!

இரண்டாவது கயிறு உரிமம். 90 நாளுக்குள் குறிப்பிட்ட தடவை ஏற்றி இறக்கிக் காட்டாத விமானி, பயணிகளை ஏற்றிச் செல்லும் தகுதியை இழக்கிறான். மீண்டும் பயிற்சி பெற்றாக வேண்டும். ஆகவே நீண்ட நாள் போராட்டம் நிர்வாகத்தின் பணப்பையை மட்டுமன்று, அவன் தொழிலையே தின்னும். மூன்றாவது கயிறு விலகல் அறிவிப்பு. 2017-இல் அரசு வகுத்த விதிப்படி, வேலையை விட்டுச் செல்ல விரும்பும் தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு திங்களும் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

ஓராண்டு! தொழிலாளி போக நினைத்தால் ஓராண்டு. முதலாளி கதவை மூட நினைத்தால்? 2019 ஏப்ரல் 17-ஐ நினைவுகூருங்கள். 25 ஆண்டுக்கு மேல் பறந்த ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் கடனில் மூழ்கி அன்றிரவோடு நின்றுபோயிற்று. அதற்கு முன்னே பல திங்கள் ஊதியமின்றி அதன் விமானிகள் பறந்துகொண்டிருந்தனர். பறக்க மறுக்கலாம் என்று அவர்கள் சங்கம் முடிவு செய்து, நிறுவனம் பிழைக்கட்டும் என்று அந்த முடிவைத் தள்ளியும் வைத்தது. விசுவாசம் என்பது இதுதானே? அதற்குக் கிடைத்த பரிசு பூட்டிய கதவு! ஒரு பக்கம் மட்டும் கட்டுகிற கயிற்றுக்கு உறவு என்று பெயர் சூட்டுவது எவ்வளவு பெரிய ஏமாற்று!

வென்ற போரும் தோற்ற போரும்

அதே ஜெட் ஏர்வேஸில் பத்தாண்டுக்கு முன் ஒரு போராட்டம் நடந்தது. 2009-இல் விமானிகள் சங்கம் அமைத்தனர். முன்னின்ற இருவரை நிர்வாகம் நீக்கியது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நேரத்தில் 'உடல் நலமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தனர். ஐந்து நாள் விமானங்கள் தரையில் நின்றன. நீக்கப்பட்டவரை நிர்வாகம் திரும்ப எடுத்துக்கொண்டது. அவர்கள் கேட்டது ஊதிய உயர்வன்று. சங்கம் வைத்ததற்காக நீக்காதே என்பதே. ஒற்றுமை வென்றது.

ஏர் இந்தியாவில் நடந்தது வேறு. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாக்கப்பட்டன. நிறுவனம் ஒன்றாயிற்று, விமானிகள் ஒன்றாகவில்லை. ஊதியம் இரண்டு விதம், சங்கமும் இரண்டு. 2011-இல் ஒரு சங்கம் சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் வேலை நிறுத்தம் செய்தது. மற்றது ஒதுங்கி நின்றது. 2012-இல் மற்றச் சங்கம் எழுந்தது. எதற்காக? புதிதாக வரும் டிரீம்லைனர் விமானத்தில் பயிற்சி தங்களுக்கு மட்டுமே வேண்டும், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குக் கூடாது என்பதற்காக! 58 நாள் நடந்தது அந்த வேலை நிறுத்தம். நூறு பேர் அளவில் நீக்கப்பட்டனர். இறுதியில் நீதிமன்றத்தின் முன் உறுதி கொடுத்து வேலைக்குத் திரும்பினர்.

இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. தோழனுக்குக் கிடைப்பதைத் தடுக்க நடக்கும் போராட்டம் தொழிலாளர் போராட்டம் ஆகாது. நம் சமுதாயத்தின் படிக்கட்டு நமக்குத் தெரிந்ததே. மேற்படியில் நிற்பவனை அண்ணாந்து பார்க்கும்போது கசக்கும்; கீழ்ப்படியில் ஒருவன் இருக்கிறான் என்று எண்ணும்போது இனிக்கும். அந்த இனிப்பில்தான் படிக்கட்டு நிலைத்து நிற்கிறது. விமானத் தொழிலிலும் அதே படிக்கட்டு. நெடுந்தூர விமானி, குறுந்தூர விமானி, பணிப்பெண், இயந்திரப் பழுது பார்ப்பவர், மூட்டை ஏற்றும் ஒப்பந்தக் கூலி. மேலே இருப்பவன் கீழே பாராத வரையில் நிர்வாகத்துக்குக் கவலையில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 1932-இல் செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி கார்டு, விமானிகளின் ஊதியத்தை வெட்டி, ஏற்காதவரை வெளியே நிறுத்திக் கதவடைத்தார். முந்திய ஆண்டுதான் பிறந்திருந்த விமானிகள் சங்கம் பென்கே என்ற விமானியின் தலைமையில் எதிர்த்து நின்றது. 1934-இல் திங்களுக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கலாகாது என்ற வரம்பைப் பெற்றது. கேட்டவன் ஒருவனல்லன், ஒரு சங்கம், ஆகவே கிடைத்தது. பிறகு 1981 ஆகஸ்டில் விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அதிபர் ரீகன் 11,000 பேருக்கு மேல் ஒரேயடியாக நீக்கினார். அவர்களுடைய சங்கமோ முந்திய ஆண்டுத் தேர்தலில் அதே ரீகனை ஆதரித்த சங்கம்! விமானிகள் என்ன செய்தனர்? பறந்துகொண்டே இருந்தனர். இரண்டே ஆண்டு கழிந்தது. 1983-இல் காண்டினென்டல் நிறுவனம் திவால் என்று அறிவித்து, ஒப்பந்தத்தைக் கிழித்து, விமானிகளின் ஊதியத்தைப் பாதியளவுக்கு வெட்டியது. அடுத்த வீட்டுக் கூரை எரிந்தபோது வேடிக்கை பார்த்தவன், தன் கூரை எரியும்போது யாரை அழைப்பான்?

உறக்கம் கேட்பது சோம்பலா?

ஊதியம் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பயணம் செய்யும் நம் ஒவ்வொருவரையும் நேரே தொடும் வழக்கு ஒன்று இருக்கிறது. அது உறக்கத்தின் வழக்கு.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். பாலைவன நாட்டில் உழைத்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் பலர். விசாரணை வெளிக்கொணர்ந்த செய்தி நெஞ்சை உலுக்குவது. தலைமை விமானி அந்த இரவுப் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருந்தார். விழித்தபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே இருந்தது. இறங்காதீர், மீண்டும் மேலே செல்வோம் என்று துணை விமானி மும்முறை கூறினார். தலைமை விமானி கேளாமல் இறக்கினார்.

இதில் இரண்டு குற்றவாளிகள் இருக்கின்றனர். ஒன்று, அரைத் தூக்கம். விடியற்காலை 2 மணிமுதல் 6 மணிவரை மனித உடல் ஒடுங்கிக் கிடக்கும் நேரம். அது எந்தத் தெய்வத்தின் சாபமும் அன்று, எவனுடைய சோம்பலும் அன்று, உடலின் இயற்கை. மற்றொன்று, "முடியாது" என்று சொன்னவனின் சொல் ஏறாத நிலை. கீழே இருப்பவன் சொன்னால் மேலே இருப்பவன் கேட்க வேண்டியதில்லை என்ற பழக்கம், தரையில் இருந்தால் மானத்தைக் கெடுக்கும். வானத்தில் இருந்தால் உயிரையே எடுக்கும். பாம்பன் பாலத்தின் சிவப்புக் கைகாட்டியை நினைத்துப் பாருங்கள். அங்கே காற்று சொன்னால் எல்லோரும் கேட்டனர். இங்கே மனிதன் சொன்னான். கேட்க விதியும் தெளிவாக இல்லை, பழக்கமும் இல்லை.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகரருகே விமானம் விழுந்து 50 பேர் மாண்டபோது, இறந்தோரின் குடும்பத்தினர் ஓயாமல் போராடி, அடுத்த ஆண்டே சட்டம் கொண்டு வரச் செய்தனர்; 2014-இல் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. விமானியின் ஓய்வுக்காகப் பயணிகளின் குடும்பம் போராடியது! இருவர் நலனும் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் விதி வந்தது. 2024 சனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகும். இரவு என்பது காலை 5 மணி வரை அன்று, 6 மணி வரை. இரவு நேரத்தில் ஆறு முறை இறக்கலாம் என்றிருந்தது இரண்டு முறையாகக் குறையும். நிறுவனங்கள் முணுமுணுத்தன, விதி தள்ளிவைக்கப்பட்டது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வாதாடின. 2025 ஜூலை 1-இல் ஒரு பகுதி, நவம்பர் 1-இல் மறுபகுதி என்று முடிவாயிற்று.

ஆயத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ இரண்டாண்டு கிடைத்தது. நடந்ததோ வேறு. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ நிறுவனம் நிலைகுலைந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் நின்றன. மணமகன் ஓரிடம், மணமகள் ஓரிடம். நோயாளி ஓரிடம், மருத்துவர் ஓரிடம். நிலையங்களில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தனர். அரசு என்ன செய்தது? அந்த நிறுவனத்துக்கு மட்டும் இரவு வேலை விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது!

பாலத்தில் காற்று 58-ஐத் தாண்டுகிறது, கைகாட்டி சிவக்கிறது, வண்டிக்காரக் கம்பெனி கூச்சலிடுகிறது, உடனே கைகாட்டியைப் பச்சையாக மாற்றிவிடுவோமா? மாற்றினால் காற்று நின்றுவிடுமா? விதிக்கு விலக்கு அளிக்கலாம்; உறக்கத்துக்கு விலக்கு அளிக்க எந்த அரசாணையாலும் இயலாது.

பேரம் பேசும் வலிமை என்றால் என்ன என்பதையும் அந்த வாரம் காட்டிவிட்டது. சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் திட்டமிடத் தவறினால், அந்தத் தவறே அதன் ஆயுதமாகிறது. மக்கள் தவிக்கிறார்களே என்று அரசு பணிகிறது. விமானியோ ஒரு நாள் நின்றால் மக்களைத் தவிக்க விட்டவன் என்று தூற்றப்படுகிறான். ஒரே தவிப்பு, முதலாளி உண்டாக்கினால் சலுகை, தொழிலாளி உண்டாக்கினால் தண்டனை.

நம் கடமை

ஆகவே தோழர்களே, நாம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஓட்டுகிறவனின் கடமை ஏறியிருக்கும் உயிர்களுக்கே. அந்தக் கடமையை அவன் நிறைவேற்ற வேண்டுமானால், "களைத்துவிட்டேன், இன்று ஓட்டமாட்டேன்" என்று அச்சமின்றிச் சொல்ல வேண்டும். தனி ஒருவன் அப்படிச் சொன்னால் அவன் வேலை போகும். சங்கம் சொன்னால் விதி பிறக்கும். மக்கள் உடன் நின்றால் அந்த விதி நிலைக்கும். திறமை விலையை உயர்த்தும். உரிமையைக் கொண்டுவருவது ஒற்றுமை ஒன்றே. விமானியும் இதை உணர வேண்டும். மூட்டை ஏற்றும் கூலியின் போராட்டத்தைக் காணாதவன்போல் கடந்து செல்லும் விமானிக்கு, மக்களின் ஆதரவைக் கேட்கும் தகுதி குறையும்.

இராமேசுவரத்தில் படகோட்டி ஒருவரின் மகனாகப் பிறந்த சிறுவன் ஒருவன் விமானியாக விரும்பினான். விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாம் இடம் பெற்றான். எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை. அவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அந்தக் கரையில் இன்றும் வானத்தைப் பார்த்து நிற்கும் சிறுவர்கள் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை விமானி ஆவர். அவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் உண்டு. மறுக்கக் கற்றுக்கொடுப்பது யார்? அது நம் வேலை.

2025 ஏப்ரல் 6-இல் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இப்போது இயந்திர விசையால் மேலே எழுகிறது. நெம்புகோல் சுற்றும் கைகளுக்கு வேலையில்லை. விமானங்களிலும் இயந்திர அறிவு வளர்கிறது. ஒரு விமானி போதாதா, ஒருவரும் இல்லாவிட்டால் என்ன என்று நிறுவனங்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன. ஓட்டியில்லா விமானம் என்ற பழங்கனவு மீண்டும் எழுகிறது! அறிவியல் வளரட்டும், வரவேற்போம். ஆயினும் எண்ணிப் பாருங்கள். புயல் வரும் இரவில், முன்னே அமர்ந்து நம்மோடு உயிரைப் பணயம் வைத்து, "போகக்கூடாது" என்று சொல்ல ஒரு மனிதன் வேண்டாமா?

அடுத்த முறை விமான நிலையத்தில் காத்திருக்கும்போது, "விமானிக்கு ஓய்வு நேரம், ஆகவே தாமதம்" என்று அறிவிப்பு வந்தால், சீறி எழாதீர். அங்கே சிவந்திருப்பது பாம்பன் பாலத்துக் கைகாட்டி. அது நமக்காகவே சிவந்திருக்கிறது.